ஏந்திய கையும் உபாயமோ?

பேற்றுக்கு உபாயம் பேற்றைத் தருமவனே என்பது நம் பூர்வாசார்யர்கள் அறுதியிட்ட அர்த்தம். இதனோடு ஒத்ததொரு விசாரம் 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் எழுந்து, மேற்குக் கிறிஸ்தவத்தையே இரு கூறாக்கிற்று. ஜெர்மானியத் துறவியான மார்ட்டின் லூதர், மனிதன் இறைவன் முன் நீதிமானாக ஏற்கப்படுவது விசுவாசத்தாலேயன்றி நற்செயல்களால் அன்று என்றார். பவுல் ரோமருக்கு எழுதிய நிருபம் அவருக்கு ஆதாரம். 1522இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பில், அந்நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில், மூலத்தில் இல்லாத 'மட்டும்' என்னும் சொல்லையும் அவர் சேர்த்தார். எதிர்த்தரப்பார் அதனைப் பெருங்குற்றமாகக் கொண்டனர். சரமச்லோகத்தின் 'ஏகம்' என்னும் பதம் எவ்வளவு விசாரத்துக்கு இடமாயிற்று என்பதை அறிந்த நமக்கு, ஓர் அவதாரணச் சொல்லுக்காக இத்தனை பூசலா என்ற வியப்பு எழாது.

ஆனால் லூதரின் வார்த்தையிலேயே ஒரு சங்கை ஒளிந்திருக்கிறது. செயல்களைத் தள்ளி விசுவாசத்தைக் கொண்டால், அவ்விசுவாசமும் சேதநன் செய்யும் ஒரு செயலன்றோ? பல சாதனங்களை விலக்கி ஒரு சாதனத்தை வைத்ததாக முடியாதோ?

இதற்கு நேராக விடையிறுத்த நூல்களுள் ஒன்று, 1563இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் வெளிவந்த வினாவிடை நூல். அதில் 129 வினாக்கள். ஞாயிறுதோறும் ஓதி ஓராண்டில் நிறையும்படி 52 பகுதிகளாக வகுத்தனர். விசுவாசத்துக்கு ஒரு மதிப்பு உண்டு, அதனால் இறைவன் ஏற்கிறான் என்பதன்று என்று அந்நூல் தெளிவாகவே மறுக்கிறது. ஏற்பதற்குக் காரணம் கிறிஸ்துவின் நீதியே. விசுவாசம் அதைப் பெற்றுக்கொள்ளும் வழி மாத்திரம்; அதைக் கை எனலாம். அக்கையையும் நீட்டச் செய்வது தூய ஆவியே என்று மற்றோர் இடத்தில் சொல்கிறது. முமுக்ஷுப்படியில் பிள்ளை லோகாசார்யர், 'ஏகம்' என்பது ஸ்வீகாரத்தில் உபாயபுத்தியைத் தவிர்க்கிறது என்று அருளிச்செய்ததை இவ்விடத்தில் நினையாதிருக்க இயலவில்லை.

நற்செயல்கள் என்னாயின? அவற்றை அந்நூல் கைவிடவில்லை, இடம் மாற்றிற்று. பத்துக் கட்டளைகளின் விளக்கமும் ஜெபத்தின் விளக்கமும் மூன்றாம் பகுதியில் வருகின்றன. அப்பகுதியின் பெயர் நன்றியுடைமை. உபாயமாகாதது பலமாக வருகிறது. கைங்கர்யத்தை உபாயகோடியில் வையாமல் புருஷார்த்தமாக வைத்த நமக்கு இது எளிதில் விளங்கும்.

எனினும் அடியேனுக்கு ஓரிடம் இடறுகிறது. ஒருவன் தன் விசுவாசம் மெய்யானதென்று தேறுவதற்கு அதன் கனிகளைப் பார்க்கலாம் என்று அதே பகுதி கூறுகிறது. நன்றிகெட்டுத் திரிவோர்க்கு மீட்சியில்லை என்றும் கூறுகிறது. ஒழுக்கம் கெடாமைக்கு இது வேண்டியதே. ஆயினும், தன் செயலைப் பாராதே என்று ஆறுதல் பெற்றவன், இரவில் அஞ்சும்போது மீண்டும் தன் செயலையே எண்ணத் தொடங்குவான். வாசலில் தள்ளியது கொல்லையில் நுழைகிறது.

இவ்வச்சம் அங்கு இவ்வளவு கூர்மையாவதற்குக் காரணம் உறவின் வகை என்று தோன்றுகிறது. அந்நூலின் முதல் விடை, நான் எனக்குரியனல்லேன், கிறிஸ்துவுக்கே உரியேன் என்பதே மனிதனின் ஒரே ஆறுதல் என்ற கருத்தைச் சொல்கிறது. சேஷத்வமே பேசுவதுபோல் நம் செவிக்குக் கேட்கும். ஆனால் அவ்வுரிமை, தம் இரத்தத்தை விலையாகத் தந்து அவர் மீட்டதனால் வந்தது. அம்மீட்பு விசுவாசிக்கே உரியதாகையால், 'நான் அவர்களுள் ஒருவனோ?' என்ற கேள்வி ஒழிவதில்லை. இங்கோ உறவு ஸ்வரூபப்ரயுக்தம். இசைந்தாலும் மறுத்தாலும் ஒழிக்க ஒழியாதது. ஜெர்மானியப் பேராசிரியர் ருடால்ஃப் ஓட்டோ 1930இல் இவ்விரு சமயங்களின் அருட்கொள்கையையும் ஒப்பிட்டுத் தனி நூலே எழுதினார். நெருக்கத்தை மறையாது சொல்லியும், இரண்டும் சுழலும் அச்சு வேறென்றே முடித்தார்.

அதனால் நம்மிடம் சங்கையே இல்லை என்று அமர்ந்துவிட வழியில்லை. உறவு எல்லார்க்கும் பொதுவாயிருக்க, பேறு ஏன் எல்லார்க்கும் இன்றே வாய்க்கவில்லை என்று கேட்டால், நாமும் மஹாவிச்வாசத்தையும் விலக்காமையையும் சொல்லியாக வேண்டும். தூப்புல் பிள்ளை வ்யாஜம் என்று ஒன்றைக் காட்டியதும், மற்றோர் அதுவும் வேண்டா என்று விலக்காமை அளவில் நின்றதும், ஹைடல்பர்க்கார் விசுவாசத்துக்கு அளித்த அந்த ஒரே இடத்தைப் பற்றியே.