சூதுநகர்ச் செலவு



சென்ற பௌர்ணமியன்று சிகாலோவாத சூத்திரத்தைத் தொடங்கி, இல்லறத்தான் நீக்க வேண்டிய நான்கு தீச்செயல்களையும், அவனை நெறி தவறச் செய்யும் ஆசை, பகை, மயக்கம், அச்சம் என்னும் நான்கினையும் விளக்கி நிறுத்தினோம். இன்று, ஈட்டிய பொருள் வெளியேறும் ஆறு வாயில்களுக்கு வந்திருக்கின்றோம். கள்ளுண்டல், அகாலத்தில் வீதி சுற்றுதல், களியாட்டக் காட்சிகளை நாடித் திரிதல், சூதாடல், தீயோர் நட்பு, சோம்பல் என்பன அவை. இவ்விடத்தில் பேசுவோர் பெரும்பாலும் கள்ளைப் பற்றியே பேசி, நேரம் முடிந்ததென்று அமர்ந்துவிடுவர். கள்ளின் கேட்டை நம் குடும்பங்களுக்கு மேடையேறிச் சொல்ல வேண்டிய அவசியமில்லை; அது நம் வீட்டுத் திண்ணையிலேயே அமர்ந்து பாடம் கற்பித்துப் போயிருக்கின்றது. ஆதலின் இம்முறை மூன்றாவதையும் நான்காவதையும் சேர்த்து எடுத்துக்கொள்கின்றோம்.

அதற்குக் காரணம் உண்டு. நம் சங்க இளைஞர் எழுவர், வரும் ஆண்டிறுதி விடுமுறையில் கோவாவின் தலைநகராகிய பனாஜிக்குச் சென்று, மண்டோவி ஆற்றில் நிற்கும் கேசினோக் கலங்களில் மூன்று இரவுகளைக் கழிப்பதென்று திட்டமிட்டுள்ளனர். மறைவாக அன்று, யாவரும் அறியவே பேசி, ஆளுக்கு மாதம் ரூ. 3,000 வீதம் பத்து மாதங்களாகச் சேர்த்து வருகின்றனர். எழுவரும் நல்ல பிள்ளைகள். அதிகாலை இருளில் ரயிலேறிப் பெங்களூர் சென்று, இரவு வீடு திரும்பி உழைப்பவர்கள். அவர்களுள் ஒருவர் நம்மிடமே வந்து, “ஐயா, பஞ்சசீலத்தில் சூது கூடாதென்று எங்கே இருக்கிறது?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. கொலை, களவு, பிறழ்ந்த காமம், பொய், மயக்கந்தரும் குடி ஆகிய ஐந்தே சீலங்கள். 1956 அக்டோபரில் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் அளித்த இருபத்திரண்டு உறுதிமொழிகளிலும் சூது என்னும் சொல் இல்லை. இல்லை என்பதை ஒப்புக்கொள்வோம். ஒப்புக்கொள்ளாது, எங்கோ ஒரு மூலையிலிருந்து ஒரு விதியைத் தேடியெடுத்து வாயடைப்பது பௌத்தர்க்கு அழகன்று. புத்தபிரான் சிகாலன் என்னும் அவ்விளைஞனிடம் சூதைப் பற்றி விதியாகப் பேசவில்லை, விளைவாகப் பேசினார். வென்றவன் பகையைத் தேடிக்கொள்கிறான், தோற்றவன் போனதை எண்ணி வருந்துகிறான், கைப்பொருள் குறைகிறது, அவையில் அவன் சொல்லுக்கு மதிப்பில்லை, நண்பர் இகழ்வர், பெண் கொடுப்பார் தயங்குவர் என்னும் ஆறு விளைவுகள் அங்கே எண்ணப்படுகின்றன. நரகம் பற்றி அவற்றுள் ஒன்றுமில்லை என்பதை அன்பர்கள் கவனிக்க. ஆறும் இவ்வூரில், இத்தெருவில் நிகழ்வன.

இனி, அவர்கள் செல்லவிருக்கும் இடம் எத்தகையது என்பதைக் காண்போம். கேசினோ நகர் என்றவுடன் அமெரிக்கத்து லாஸ் வேகாஸ் நினைவுக்கு வரும். நெவாடா மாநிலம் 1931இல் சூதுக்குச் சட்ட அனுமதி தந்தபின் பாலை நிலத்தில் பெருகிய ஊர் அது. கோவாவின் கதை வேறு. 1961 டிசம்பரில் போர்ச்சுகீசியர் ஆட்சி நீங்கியது. 1976இல் இயற்றப்பட்ட கோவா, டாமன், டையூ பொதுச் சூதாட்டச் சட்டம் சூதைத் தடுக்கவே எழுந்தது. அச்சட்டத்தை 1992இல் திருத்தி, ஐந்து நட்சத்திர விடுதிகளில் இயந்திரச் சூதுக்கு வழி செய்தனர். 1996இல் மீண்டும் திருத்தி, நீரில் நிற்கும் கலங்களில் மேசைச் சூதுக்கும் வழி செய்தனர். கரையில் குற்றமாவது, நாலு முழத் தண்ணீரின் மேல் குற்றமாகாது போலும்! பின்னர் 2020 பிப்ரவரி முதல், கோவா மக்கள் அக்கேசினோக்களில் நுழையலாகாதென்று அவ்வரசே தடை விதித்தது. தன் பிள்ளைகளுக்கு ஊட்டத் துணியாத பண்டத்தை விருந்தினர்க்குப் படைக்கும் வீட்டை என்னென்பது?

அங்கே கரையிலிருந்து சிறு படகில் ஏற்றிக் கலத்திற்குக் கொண்டுசெல்வர். நுழைவுக் கட்டணத்துக்குள் உணவும் மதுவும் ஆடல் பாடலும், ஆடுதற்குரிய சில வில்லைகளும் அடங்கும். அவ்வில்லைகளைப் பணமாக மாற்றிக்கொள்ள இயலாது. ஆடியே தீர்க்க வேண்டும். நம்மூர் மங்காத்தா அங்கே அந்தர் பாஹர் என்னும் பெயரில் உண்டு. மூன்று சீட்டும் உண்டு. தெருமுனையில் ஆடினால் காவலர் பிடித்துச் செல்லும் ஆட்டம், பளபளக்கும் விளக்கின்கீழ் கனவான்களின் பொழுதுபோக்காகின்றது. கள், அகாலத் திரிதல், களியாட்டம், சூது என, பகவன் எண்ணிய ஆறு வாயில்களுள் நான்கினை ஒரே நுழைவுச்சீட்டில் திறந்துவிடும் இடம் இது.

“இவ்வளவுதான் என்று ஒரு தொகையை ஒதுக்கிக்கொண்டே போகிறோம்; ரூ. 10,000 போனால் போகட்டும்” என்கின்றனர் இளைஞர். நன்று, கணக்குப் போட்டுப் பார்ப்போம். ரூலெட் என்னும் சுழற்சக்கரத்தில் ஒருவகையில் 37 குழிகள். மற்றொரு வகையில் 38. ஓர் எண்ணின்மேல் வைத்த பணம் வென்றால், வைத்ததோடு அதன் 35 மடங்கு கிடைக்கும். 38 குழிச் சக்கரத்தில் ஒவ்வோர் எண்ணின்மேலும் ரூ. 100 வைத்தால், வைத்தது ரூ. 3,800, திரும்புவது ரூ. 3,600. நூற்றுக்கு ஐந்தே கால் ரூபாய் கலத்துக்காரருக்கு. சிறு தொகையாகவே தோன்றும். ஆனால், ஆட்டத்துக்கு ரூ. 200 வீதம், மணிக்கு நாற்பது சுற்றென ஆறு மணி நேரம் ஆடுவோன் 240 முறை பணம் வைக்கிறான். அவன் கொண்டுபோனது ரூ. 10,000, வைத்ததும் வந்ததும் மீண்டும் வைத்ததுமாகச் சக்கரத்தின்முன் சென்றது ரூ. 48,000. ஐந்தே கால் வீதம் எடுக்கப்படுவது இந்த நாற்பத்தெட்டாயிரத்திலிருந்தே. சராசரியாக ஓரிரவில் ரூ. 2,500க்கு மேல். ஒருவன் இதற்கு மிகுதியாக வெல்லலாம், தோற்கலாம். ஆயிரம் பேரை வைத்துக் கணக்கிடும் கலத்துக்காரருக்கு அதுபற்றிக் கவலையில்லை. அவர் சூதாடவில்லை. அக்கலத்தில் சூதாடாதவர் அவர் ஒருவரே.

எனினும் பணக்கணக்கை நாம் பெரிதாக எண்ணவில்லை. ரூ. 2,500ஐ ஒரு மணவிருந்தின் மொய்யாகவும் கொடுத்துவிடுகின்றோம். நாம் அஞ்சுவது வேறொன்று. அதனைச் சொல்லவே மூன்றாம் வாயிலாகிய களியாட்டத்தை நான்காவதோடு சேர்த்தோம்.

சூத்திரத்தை முதன்முறை வாசிப்போர் அவ்விடத்தில் வியப்படைவர். குடிக்குக் கேடு சொல்லுமிடத்தில் நோய் வருமென்றும் பொருள் போகுமென்றும் கூறப்படுகின்றது. களியாட்டத்துக்கு அப்படி ஒன்றும் கூறப்படவில்லை. ஆடல் எங்கே, பாடல் எங்கே, வாத்தியம் எங்கே என்று அவன் மனம் கேட்டுக்கொண்டே இருக்கும் என்பதே ஆறு கேடுகளாகச் சொல்லப்படுகின்றது. அங்கே சென்றபின் வருவதன்று அது. செல்லுமுன் வருவது. “எங்கே, எப்போது” என்னும் ஓயாத வினவலே கேடு என்று பகவன் கண்டார்.

இக்காலத்து ஆராய்ச்சியாளர் வேறு வழியில் சென்று இதனருகே வந்து நிற்கின்றனர். 2010இல் வெளியான ஒல்லாந்து நாட்டு ஆய்வொன்று 1,530 பேரை விசாரித்தது. விடுமுறைப் பயணம் செல்லவிருப்போர், செல்லாதோரினும் மகிழ்ச்சியாயிருந்தது பயணத்துக்கு முன்னரே. திரும்பி வந்தபின், மிக்க ஓய்வோடு கழித்த சிலரைத் தவிர, இரு சாராரிடமும் வேறுபாடில்லை. உல்ஃப்ரம் ஷுல்ட்ஸ் என்னும் அறிஞர் குரங்குகளிடம் நடத்திய சோதனைகள் இன்னும் தெளிவானவை. முதலில் பழச்சாறு வாயில் விழும்போது கிளர்ந்த சில நரம்பணுக்கள், பழகியபின், சாறு வருமென்று அறிவிக்கும் குறியைக் கண்டவுடனேயே கிளர்ந்தன. சாறு வந்தபோது சும்மா இருந்தன. தண்ஹா என்று நாம் பாலியில் ஓதுவது இந்த ஓட்டத்தையே. கேசினோ வணிகர் விற்பதும் இதனையே. வில்லைகளையும் சீட்டுகளையும் விற்கின்றனர் என்று எண்ணுவோர் அவ்வணிகத்தை அறியார்.

எதிர்நோக்குதல் யாவும் தீதென்று நாம் கூறுவதாக எவரும் கொள்ளற்க. அக்டோபர் மாதம் நாகபுரி செல்வதற்கு நாமே மூன்று மாதம் முன்னர்ப் பயணச்சீட்டு எடுத்து நாளெண்ணுகின்றோம். மகளின் மணநாளை எண்ணாத தாயுண்டோ? ஆனால் அவ்வெதிர்நோக்கில் ஒவ்வொரு முயற்சியும் காரியத்தைச் சற்று அருகே கொணர்கின்றது. பணம் சேர்த்தால் தாலி வாங்கலாம், சீட்டெடுத்தால் ரயிலேறலாம். சூதை எதிர்நோக்குவோன் என்ன செய்தாலும் வெற்றி ஓரங்குலமும் நெருங்காது. செய்வதற்கு ஒன்றுமில்லாமையால் மனம் ‘வென்றால்’ என்னும் ஒரு சொல்லையே சுற்றுகின்றது. வென்றால் வண்டி, வென்றால் கடனடைப்பு, வென்றால் தங்கைக்கு வளையல். ஆடாத ஆட்டத்தின் வரவை எழுவரும் பங்கிட்டுச் செலவும் செய்துவிட்டனர்.

இவர்களுள் இருவர் ஞாயிறுதோறும் நம் விகாரையில் சிறுவர்க்குத் தமிழும் பாலி வந்தனைகளும் கற்பித்து வந்தவர்கள். சில மாதங்களாகப் பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டு, பின்வரிசையில் அமர்ந்து கைப்பேசியில் சக்கரம் சுழல்வதைப் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். நான்காம் வகுப்புப் படிக்கும் சிறுமியொருத்தி சென்ற வாரம், “ஜாக்பாட் என்றால் என்ன, தாத்தா?” என்று நம்மைக் கேட்டாள். அவள் அச்சொல்லைக் கற்றது நம் வகுப்பில். மற்றொருவரின் தாயார், தங்கச் சுரங்கம் 2001இல் மூடப்பட்ட நாள்முதல் பழைய லைன் வீட்டிலேயே வாழ்பவர். வீட்டின் தகரக் கூரை ஒழுகுகின்றது. மகன், “ஜனவரியில் வந்து போட்டுவிடலாம் அம்மா” என்று சொல்லியிருக்கிறார். அவர் சேர்த்து வைத்துள்ள ரூ. 30,000 அக்கூரைக்கு இன்றே போதும். அம்மையாரோ மகன் சொன்னதை நம்பி, மழையில் கட்டிலை இடமாற்றிக்கொண்டிருக்கிறார். மண்டோவியில் ஒரு காசும் இன்னும் வைக்கப்படவில்லை!

கோவாவின் பெயர் வந்ததால் ஒருவரை நினைவுகூர்கின்றோம். அம்மண்ணிலுள்ள சாங்க்வால் என்னும் ஊரில் 1876இல் பிறந்தவர் தர்மானந்த கோசாம்பி. மராத்திச் சிறுவர் இதழொன்றில் புத்தபிரானின் சரிதையை வாசித்து, அவரையே அறிய வேண்டுமென்னும் ஆவல் கொண்டார். 1899ஆம் ஆண்டின் இறுதியில், இளம் மனைவியையும் பெண்குழந்தையையும் விட்டுப் புறப்பட்டார். அப்பிரிவு அவர்க்கு இழைத்த துன்பத்தை நாம் மறைக்க வேண்டுவதில்லை, புகழவும் வேண்டுவதில்லை. காசியில் அன்னசத்திரத்தில் உண்டு வடமொழி பயின்றார். பௌத்தம் உயிரோடிருக்கும் என்று நம்பி நேபாளம் சென்று, அங்குக் கண்ட நிலையால் மனமுடைந்தார். ஆயினும் நேபாளத்தில் இல்லை என்று அறிந்ததால் தென்திசை திரும்பி இலங்கை சென்றார். கொழும்பு வித்யோதயத்தில் சுமங்கல மகாதேரரிடம் பாலி பயின்று, 1902இல் துறவு பூண்டார். பின்னாளில் ஹார்வர்டு சென்று விசுத்திமக்கத்தின் பதிப்புக்கு உழைத்தார். அவர் அடைந்த ஏமாற்றம் அடுத்த வழியைக் காட்டிற்று. சூதாடுவோனின் ஏமாற்றம் ‘இன்னொரு முறை’ என்னும் ஒன்றைத் தவிர வேறெதனையும் காட்டுவதில்லை. இரண்டும் ஆவலே, இரண்டும் கோவாவை ஒரு முனையாகக் கொண்ட பயணங்களே.

எழுவரும் கோவாவுக்குச் செல்லலாகாதென்று சங்கம் தடை விதிக்கவில்லை. அத்தகைய அதிகாரம் நமக்கில்லை. கடலைக் காணட்டும். பழைய கோவாவின் தேவாலயங்களைக் காணட்டும். ரிவோணாவில் பிக்குகள் தங்கியதாகக் கருதப்படும் குகைகளைக் காணட்டும். ஈட்டியதை நான்காகப் பகுத்து ஒரு பங்கை அனுபவிக்கவும், இரு பங்கைத் தொழிலில் இடவும், ஒரு பங்கை இடர்க்காலத்துக்கு வைக்கவும் சொன்ன அதே சூத்திரத்தில், இல்லறத்தான் இன்பம் துய்ப்பது குற்றமாகச் சொல்லப்படவில்லை. எழுவருள் மூவர் சென்ற புதனன்று நம்மை வந்து கண்டனர். இருவர் இன்னும் வாதாடுகின்றனர். அவர்களோடு பேச்சு தொடர்கின்றது. கூரை வேலைக்குத் தச்சரை அழைத்துவர ஒருவர் ஒப்பியிருக்கிறார். ஞாயிறு வகுப்புக்கு, முன்பு கற்பித்தவர்கள் திரும்பும்வரை, மாலை நான்கு மணிக்கு வந்து உதவக்கூடிய அன்பர்கள் செயலாளரிடம் பெயர் கொடுக்க.

ஐந்தாவதும் ஆறாவதுமான தீநட்பும் சோம்பலும், அவற்றையடுத்துச் சிகாலன் ஈர ஆடையோடு வணங்கிய ஆறு திசைகளின் பொருளும், வரும் பௌர்ணமியில்.

நமோ புத்தாய!