ஏழு நாள் காத்திருந்தவர்

ரயிலில் எதிர் ஸீட்காரரிடம் பேசுவதில்லை என்று ஒரு வைராக்கியம் வைத்திருந்தேன். பேச ஆரம்பித்தால் ஈரோடு வருவதற்குள் அவருடைய மாப்பிள்ளையின் சம்பளம் வரை தெரிந்துவிடும். 2023-ல் எர்ணாகுளத்திலிருந்து சென்னைக்குத் திரும்பும்போது, இந்த வைராக்கியம் ஆலுவா தாண்டுவதற்குள் உடைந்தது. காரணம், கருவாடு.

எதிரில் இருந்த பெரியவர் துணிப்பையைத் திறந்து ஏதோ தேடினார். பெட்டி முழுக்க வாசனை. மேல் பெர்த்தில் இருந்த அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். பெரியவர் பதறிப்போய்ப் பையை இறுக்கிக் கட்டினார்.

"மன்னிக்கணும் அண்ணாச்சி. மாசி. எங்க ஊரு சூரை மீன். அவிச்சு, புகை போட்டு, காய வெச்சது. வேலூர்ல ஒரு டாக்டருக்குக் கொண்டு போறேன்."

'அண்ணாச்சி' எனக்குப் புதிராக இருந்தது. வாலிபத்தில் தூத்துக்குடித் தோணியில் வேலை பார்த்தவராம். மலையாளம் பாதி, தூத்துக்குடி பாதியாகப் பேசினார். சொந்த ஊர், லட்சத்தீவில் ஆந்த்ரோத்.

லட்சத்தீவு என்றால் நமக்கு நீலக் கடல் போட்ட காலண்டர்தான் ஞாபகம் வரும். அங்கே இருக்கிறவர்களுக்கு அது 32 சதுர கிலோமீட்டர் மணல். 36 தீவுகளில் பத்தில்தான் ஆட்கள். 2011 கணக்குப்படி மொத்தமே 64 ஆயிரத்துச் சொச்சம் பேர். பித்ரா என்கிற தீவில் 271 பேர். தென்னையும் சூரை மீனும் உண்டு. அரிசி, வெங்காயம், சிமென்ட், மாத்திரை எல்லாம் கடல் தாண்டி வர வேண்டும். விமானம் அகத்தியில்தான் இறங்கும். மற்றபடி கொச்சியிலிருந்து கப்பல். ஒரு ராத்திரியும் அதற்கு மேலும் ஆகும். நமக்குப் பஸ் எப்படியோ அப்படி அவர்களுக்குக் கப்பல். பரீட்சை எழுத, பிரசவம் பார்க்க, கல்யாணப் புடவை எடுக்க, எல்லாவற்றுக்கும் கப்பல்தான்.

2020-ல் கொரோனா வந்தபோது அவர்கள் இந்த ஒரே வாசலைத்தான் பூட்டினார்கள். டூரிஸ்ட்டுகள் கிடையாது. சொந்த ஊர்க்காரனாக இருந்தாலும் கொச்சியில் ஒரு வாரம் தனிமை, அப்புறம் பரிசோதனை, அதில் பாஸானால் கப்பல். இறங்கிய பிறகு தீவிலும் தனிமை. விளைவு, டெல்லியிலும் மும்பையிலும் சென்னையிலும் ஆஸ்பத்திரிகள் திணறிக்கொண்டிருந்த அந்த வருஷம் முழுக்க லட்சத்தீவில் நோயாளிகளின் எண்ணிக்கை பூஜ்யம். நாட்டில் வேறு எந்த மாநிலமும் யூனியன் பிரதேசமும் அவ்வளவு நாள் அப்படி இருக்கவில்லை.

இதைப் பேப்பரில் படித்து "பரவாயில்லையே!" என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பியவர்களில் நானும் ஒருவன். அந்தப் பூஜ்யத்துக்கு என்ன விலை என்று யோசிக்கவில்லை. பெரியவர் சொன்னார்.

2020 நவம்பர். கடைச் சாமான் வாங்க வந்தவர் கொச்சியில் இருந்தார். அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, படுத்த படுக்கை. "ஒடனே வா" என்று தம்பி போன் செய்தார். இவர் பெயர் கொடுத்து, தனிமை அறைக்குள் போனார். ஏழு நாள். அஞ்சாம் நாள் காலையில் அம்மா போய்விட்டார். அவர்கள் வழக்கப்படி அன்றைக்கே அடக்கம். தம்பி செல்போனைப் பிடித்துக்கொண்டு நிற்க, தொழுகையை இவர் கொச்சி அறையில் உட்கார்ந்து காதால் கேட்டார். எட்டாம் நாள் 'நெகட்டிவ்' என்று காகிதம் வந்தது. கப்பல் ஏறினார். தீவில் இறங்கியும் தனியாக ஒரு வீட்டில்தான். ஜன்னலைத் திறந்தால் பள்ளிவாசல் தென்னைகள் தெரியுமாம். அதுக்குக் கீழேதான் அம்மா.

"கோபம் வரலையா?" என்று கேட்டேன். கேட்ட பிறகு, கேட்டிருக்க வேண்டாமோ என்று தோன்றியது.

"யார் மேல அண்ணாச்சி? எனக்கு ஒண்ணுமில்லேன்னு எனக்குத் தெரியும். தீவுக்குத் தெரியாதுல்ல?"

கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கோபம் அப்புறம்தான் வந்துச்சு" என்றார்.

டிசம்பரில் புது நிர்வாகம் வந்தது. அந்த மாதக் கடைசியில் விதி மாறியது. கொச்சியில் ஒரு வாரம் உட்கார வேண்டாம். 48 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்.டி.பி.சி.ஆர். நெகட்டிவ் காகிதம் போதும், யாரும் கப்பல் ஏறலாம். 2021 ஜனவரி 18-ந் தேதி லட்சத்தீவின் முதல் கொரோனா நோயாளி. கொச்சியிலிருந்து கப்பலில் வந்தவர். அதற்கு இரண்டே நாள் முன்னால்தான், ஜனவரி 16-ல், நாடு முழுக்கத் தடுப்பூசி போட ஆரம்பித்திருந்தார்கள். வருஷக்கணக்கில் காத்திருக்கச் சொல்லியிருந்தால் வேறு விஷயம். கரை கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில் துடுப்பைக் கீழே போட்ட மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் கணக்குப் பார்த்தபோது 11 ஆயிரத்துக்கு மேல் நோயாளிகள். ஏறக்குறைய ஆறு பேருக்கு ஒருவர். இறந்தவர்கள் ஐம்பதைத் தாண்டினார்கள்.

அப்போது தீவுக்காரர்களுக்கு வந்த ஆத்திரம் சாதாரணமானதல்ல. 2021 ஜூனில் ஒரு சினிமா இயக்குநர் டி.வி. விவாதத்தில் 'உயிரி ஆயுதம்' என்று ஒரு வார்த்தையை விட்டு, அவர்மேல் தேசத்துரோக வழக்கே போட்டார்கள். அந்த வார்த்தை அதிகம்தான். வழக்கு அதைவிட அதிகம்.

நிர்வாகத்தின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். பத்து மாசம் பூட்டிய வாசல். படிக்கப் போன பிள்ளைகள், வியாபாரம், கூலி வேலைக்கு வந்து போகிறவர்கள், எல்லாருக்கும் சிரமம். எத்தனை நாள் ஒரு சமூகத்தைப் பொத்திப் பொத்தி வைப்பது? என்றைக்காவது நோய் வரத்தானே செய்யும்? நியாயமான கேள்விகள்தான். மேலோட்டமாகப் பார்த்தால் புது விதி பழையதைவிட நாகரிகமானதும்கூட. ஆளை அடைத்து வைக்காமல், மெஷினில் பரிசோதித்து அனுப்புகிறது.

ஆனால் அந்தக் காகிதத்தில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. கிருமி உடம்புக்குள் போனவுடனே பரிசோதனையில் மாட்டாது. சில நாள் பதுங்கியிருக்கும். இன்றைக்குத் தொற்றியவருக்கு நாளைக்கு டெஸ்ட் எடுத்தால் 'நெகட்டிவ்' என்று வரலாம். அவர் சந்தோஷமாகக் கப்பல் ஏறி, நான்காம் நாள் தீவில் தும்முவார். இதற்கு மருந்து நேரம் ஒன்றுதான். 1377-லேயே ரகூஸா துறைமுகத்தில் (இன்றைக்கு குரோஷியாவில் துப்ரோவ்னிக்) இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பிளேக் ஊர்களிலிருந்து வருகிறவர்கள் முப்பது நாள் வெளியே இருந்துவிட்டுத்தான் உள்ளே வரலாம். அது பிறகு நாற்பதாகி, இத்தாலியில் நாற்பதுக்கு உள்ள வார்த்தையிலிருந்துதான் 'குவாரன்டைன்' வந்தது. கிருமி என்று ஒன்று இருப்பதே தெரியாத காலத்தில், சும்மா காத்திருப்பதற்கு இருக்கும் சக்தியைப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

சரி, காத்திருப்பது நல்லது என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்ததா? இல்லை. எனக்கு மண்டபம் ஞாபகம் வருகிறது.

ராமேஸ்வரம் போகிற வழியில் 'மண்டபம் கேம்ப்' என்று ஒரு ஸ்டேஷன் பார்த்திருப்பீர்கள். இலங்கை அகதிகள் முகாம் என்றுதான் நம் தலைமுறைக்குத் தெரியும். அதற்கு முன்னால் அது இலங்கை அரசாங்கம் நம் மண்ணில் நடத்திய தனிமை முகாம். 1914-ல் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓட ஆரம்பித்தது. தேயிலைத் தோட்டத்துக்குப் போன நம் ஜனங்கள் கப்பல் ஏறுமுன் அந்த முகாமில் நாட்கணக்கில் இருக்க வேண்டும். காலரா, பிளேக், அம்மை பயம். துணிமணிகளைக் கிருமி போக வேக வைப்பார்கள். அம்மை குத்துவார்கள். வரிசையில் நிற்க வைத்து ஆடுமாட்டைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார்கள். என் பாட்டியின் அண்ணன் ஒருவர் அந்த வழியாகக் கண்டிக்குப் போனவர். அங்கே பட்டதையெல்லாம் மறந்தவர், மண்டபத்தில் வேட்டியை அவிழ்க்கச் சொன்னதை மட்டும் சாகிறவரை மறக்கவில்லை என்று பாட்டி சொல்லுவாள். தோட்டத்துத் துரைமாருக்கு அந்த முகாம் வாசம் இல்லை. காலரா துரைக்கு வராதா என்ன?

மண்டபத்திலும் காத்திருந்தார்கள், கொச்சியிலும் காத்திருந்தார்கள். கடல் தாண்டுவதற்காக, நோய்க்குப் பயந்து, நாள் எண்ணிக்கொண்டு. ஆனாலும் இரண்டும் ஒன்றில்லை என்று மனசு சொல்கிறது. ஏன்?

மண்டபத்தில் இருந்தவன் முன்பின் தெரியாத ஒரு தேசத்துக்காக, தோட்டத்தில் வேலை நிற்காமல் நடப்பதற்காகக் காத்திருந்தான். அங்கே லயத்தில் இருந்த அவன் சொந்தக்காரர்களையும் அந்த முகாம் காப்பாற்றியிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அவனை யாரும் கேட்கவில்லை. அவனோடு சமமாக யாரும் காத்திருக்கவும் இல்லை. கொச்சி அறையில் இருந்த பெரியவரோ, தன் தீவுக்காகக் காத்திருந்தார். அவர் காப்பாற்றிக்கொண்டிருந்த ஊரில்தான் அவர் அம்மாவும் படுத்திருந்தார். கப்பல் ஏறுகிறவனுக்காவது ஏறலாமா வேண்டாமா என்று தீர்மானிக்க முடியும். தீவில் படுத்திருக்கிற கிழவிக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவளுக்காகவும்தான் அந்த ஏழு நாள். இன்னொருத்தன் அம்மாவுக்காக இவர் காத்திருப்பார், இவர் அம்மாவுக்காக இன்னொருத்தன். எழுதாத ஒப்பந்தம்.

விதியைத் தளர்த்தியவர்கள் கவனிக்காமல் விட்டது இதைத்தான் என்று நினைக்கிறேன். அவர்கள் கையில் இருந்தது வெறும் சுற்றறிக்கை. 'இனி வேண்டாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் தீர்ந்தது. ஆனால் அந்தச் சுற்றறிக்கைக்குப் பின்னால் ஏற்கெனவே விலை கொடுத்தவர்கள் இருந்தார்கள். கல்யாணத்துக்குப் போகாதவர்கள், குழந்தை முகத்தை மூன்று வாரம் கழித்துப் பார்த்தவர்கள், இந்தப் பெரியவர். விதியை மாற்றவே கூடாது என்று சொல்லவில்லை. மாற்றுவதற்கு முன் இவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டிருக்கலாம்.

பெரியவரிடம் இதை இவ்வளவு சுற்றி வளைத்துச் சொல்லவில்லை. "அப்ப நீங்க காத்திருந்தது வீணாப் போச்சேன்னு கோபமா?" என்று மட்டும் கேட்டேன்.

"வீண் இல்ல அண்ணாச்சி. அந்த ரெண்டு மாசம் எங்க ஊர்ல ஒருத்தருக்கும் வரலை. அது கணக்குதான்." விரலை நீட்டி ஏதோ எண்ணுகிற மாதிரி மடக்கினார். "ஆனா ஜனவரியில எனக்குப் பின்னால கப்பல்ல வந்தான் பாருங்க ஒருத்தன், எங்க தெருப் பையன், 'மாமா, நீங்க ரெண்டு மாசம் பொறுத்திருந்தா சும்மா வந்திருக்கலாமே'ன்னான். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். அன்னைக்குத்தான் அழுதேன்."

இதற்கு மேல் நான் என்ன சொல்ல? ஈரோட்டில் டீ வாங்கிக் கொடுத்தேன்.

இப்போது ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டாக வேண்டும். அதே 2020-ல் நம் ஊரில் ஈ-பாஸ் இருந்தது ஞாபகம் இருக்கும். சாவு, கல்யாணம், மருத்துவ அவசரம் இப்படிக் காரணம் சொன்னால்தான் மாவட்டம் விட்டு மாவட்டம் போகலாம். ஜூன் மாதம் சென்னையில் நோய் உச்சத்தில் இருந்தபோது, நான் 'மருத்துவ அவசரம்' என்று போட்டுப் பாஸ் வாங்கி, காரில் ஊருக்குப் போனேன். ஒரு அவசரமும் இல்லை. வீட்டுக்குள்ளேயே இருந்து அலுத்துவிட்டது. அக்கா வீட்டுத் தோட்டத்தில் மாம்பழ சீஸன். பழைய மருந்துச் சீட்டு ஒன்றை ஸ்கேன் செய்து அனுப்பினேன். செக்போஸ்ட்டில் ஒரு இளம் போலீஸ்காரர், வியர்வையில் நனைந்த முகக்கவசத்தோடு, "யாருக்கு சார் உடம்பு?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். "அக்காவுக்கு" என்றேன். "பாத்துப் போங்க சார்."

அக்காவுக்கு அப்போது 66 வயது. சர்க்கரை வேறு. மூன்று வாரம் மாம்பழம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அதனாலேயே இத்தனை வருஷமாக அது ஒரு வேடிக்கைக் கதையாக இருந்தது. நண்பர்களிடம் நடித்துக்கூடக் காட்டியிருக்கிறேன், போலீஸ்காரர் குரலில். எதுவும் ஆகாமல் போனது என் சாமர்த்தியமா? கிருமி அன்றைக்கு என் காரில் ஏறவில்லை, அவ்வளவுதான். ஏறியிருந்தால் நான் செய்த காரியத்துக்கு வேறு பெயர். நான் செய்தது என்னவோ இரண்டு கணக்கிலும் ஒன்றுதான்.

காட்பாடி வந்தது. பெரியவர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய ஒரு மாசித் துண்டை எடுத்து என் கையில் திணித்தார். "வீட்ல தேங்காயோட இடிச்சுச் சாப்பிடுங்க." படிக்கட்டருகில் போனவர் திரும்பி, "உங்க வீட்ல யாருக்கும் அப்ப ஒண்ணும் ஆகலையே அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன்.

"நல்லாப் பாத்துக்கிட்டிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.