கற்பிப்போர்க்குக் கற்பித்தல்: ஓர் அறவியல் வினா

நன்னூலின் பொதுப்பாயிரத்தில் நல்லாசிரியரை நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகியவற்றுக்கு ஒப்பிட்ட பவணந்தியார், ஆசிரியராகும் தகுதியில்லாதாரையும் நான்கு உவமைகளால் விளக்கினார். கழற்காய் பெய்த குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு என்பன அவை. குண்டிகையின் வாய் குறுகியது. பஞ்சினை அதனுள் சிறிது சிறிதாகவே திணித்தல் கூடும். வெளியே எடுப்பதும் அவ்வாறே. திணித்தவரின் விரல் நொந்ததேயன்றிக் குண்டிகைக்கு விளைந்த மாற்றம் ஏதுமில்லை.

வகுப்பறையிற் கணினியையும் இணையத்தையும் கையாளுமாறு ஆசிரியரைப் பழக்குவதற்கென இன்று ஆக்கப்படும் நிகழ்நிலைப் பாடநெறிகள் பலவற்றை நோக்குமிடத்து இவ்வுவமையே நினைவுக்கு வருகின்றது. பத்து நிமிடக் காணொளி ஒன்று. அதனைத் தொடர்ந்து ஐந்து பல்தேர்வு வினாக்கள். ஈற்றில் ஒரு சான்றிதழ். எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதை ஆசிரியர் அறிந்துகொள்கின்றார். எப்பொழுது அழுத்தாதிருப்பது என்பது அங்கே பேசப்படுவதில்லை. பாடநெறி வடிவமைப்பின் குறையாக மட்டும் இது தோன்றலாம். ஆயின் இதனடியில் அறவியல் வினா ஒன்று உண்டு. பிறருக்குக் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவரைப் பயிற்றுமிடத்து, தீர்மானிக்கும் ஆற்றலுடையவராக அவரை மதித்துப் பயிற்றுவதா, அன்றி வேறொருவர் செய்த தீர்மானத்தை நிறைவேற்றும் கையாக மட்டுமே அவரைக் கொள்வதா?

இவ்வினா இணையத்தோடு பிறந்ததன்று. 1964இல், பசிபிக் சமுத்திரத்திலுள்ள அமெரிக்க சமோவாவில், பாடசாலைக் கல்வியைத் தொலைக்காட்சியை மையமாகக் கொண்டு மாற்றியமைக்கும் திட்டம் ஆளுநர் ரெக்ஸ் லீயின் முயற்சியால் தொடங்கிற்று. ஆறு அலைவரிசைகளிற் பாடங்கள் ஒளிபரப்பாயின. ஒளிபரப்புக் கூடத்தில் நின்று கற்பித்தவர்கள் பெரும்பாலும் ஐக்கிய அமெரிக்காவின் பெருநிலத்திலிருந்து வந்தவர்கள். வகுப்பறையில் நின்ற சமோவ ஆசிரியருக்கு வழிகாட்டித் தாள்கள் கொடுக்கப்பட்டன. ஒளிபரப்பு முடிந்தபின் செய்விக்க வேண்டிய பயிற்சிகள் அவற்றிற் குறிக்கப்பட்டிருந்தன. நோக்கம் தீயதன்று. அத்தீவுகளின் ஆசிரியர் பலர் அக்காலத்திற் போதிய பயிற்சி பெறாதிருந்தனர். அவர்கள் பயிற்சி பெற்று முடியும்வரை பிள்ளைகள் காத்திருத்தல் தகுமோ என்று கேட்டவரின் வினா நேர்மையானதே. எனினும், வகுப்பிலுள்ளோர் விளங்காது விழித்தபோது ஒளிபரப்பை நிறுத்திவைக்க எவராலும் இயலவில்லை. அவ்விழிப்பை நேரே கண்டவர் ஆசிரியர். பாடத்தின் வேகமோ வரிசையோ அவர் கையில் இருக்கவில்லை. 1970களில் உயர்வகுப்புகளிலிருந்து தொடங்கி அத்திட்டம் சுருங்கலாயிற்று. 1986இல் வெளிவந்த 'ஆசிரியரும் இயந்திரங்களும்' என்னும் நூலில், சலனப்படம், வானொலி, தொலைக்காட்சி ஆகியன வகுப்பறைக்கு வந்த வரலாற்றை ஆராய்ந்த லாரி கியூபன், கருவி பயன்படாது கிடந்தபோதெல்லாம் பழி ஆசிரியர்மேற் சுமத்தப்பட்டதை எடுத்துக்காட்டினார்.

அரிஸ்டோட்டில் நடைமுறை விவேகம் என வேறுபடுத்திய அறிவு பொதுவிதிகளை மாத்திரம் கொண்டு அமைவதன்று. இவ்விடத்தில், இவர் முன்னிலையில், இப்பொழுது எது தகும் என்று காண்பது அது. ஆசிரியரது அறிவின் பெரும்பகுதி இத்தகையது. மின்சுற்றைப் பற்றிய பாடத்தை உதாரணமாகக் கொள்ளலாம். கொலராடோப் பல்கலைக்கழகத்திற் பௌதிகவியலறிஞர் கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய 'ஃபெட்' திட்டத்தின் உருவகப்படுத்தல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கண்ணாற் காணவியலாத மின்னோட்டத்தைச் சிறு உருண்டைகளின் நகர்வாக அவை காட்டுகின்றன. மேசைமீதுள்ள மின்கலமும் கம்பியும் மின்குமிழும் இதனைக் காட்டமாட்டா. ஆனால் திரையிலுள்ள கம்பியின் முனை துருப்பிடிப்பதில்லை. குமிழ் எரியாதபோது எந்த முனையிற் பிழை என்று தடவித் தேடும் மாணவன் கற்றுக்கொள்வதைத் திரை கற்பிப்பதுமில்லை. இவ்விரண்டில் எது முதலில், எந்த வகுப்புக்கு, எவ்வளவு நேரம் என்பதே ஆசிரியருக்கு உரிய வினா. பயிற்சி வளம் இவ்வினாவை அவர்முன் வைத்து, அக்கருவி எங்கே உண்மையை மறைக்கின்றது என்பதையும் கூறுதல் வேண்டும். கருவியைப் புகழ்வதற்கு விளம்பரதாரர் உளர். பாடநெறியும் அதனையே செய்யவேண்டியதில்லை. யுனெஸ்கோவின் ஆசிரியர் தகவல் தொழினுட்பத் தேர்ச்சிச் சட்டகம் 2018இன் பதிப்பில் 18 தேர்ச்சிகளை மூன்று நிலைகளில் வகுத்து, அறிவை ஆக்குதலை உச்சநிலையாக வைத்தது. நடைமுறையிற் பாடநெறிகள் முதல் நிலையிலேயே தங்கிவிடுவதற்குக் காரணம், அளப்பதற்கு எளியது அதுவே என்பதாகலாம்.

தீர்மானிக்கும் உரிமை என்னும் பெயரிற் சோம்பலும் ஒளிந்துகொள்ளாதா என்று வினவலாம். ஒளிந்துகொள்ளும். புதியதைக் கண்ணெடுத்தும் பாராமல் ஒதுக்கும் ஆசிரியரால் இழப்படைவது அவரல்லர், பிள்ளையே. ஆகவே கருவியை மறுப்பவர் மறுப்புக்குக் காரணம் கூறக் கடமைப்பட்டவர். ஆனால் காரணம் கேட்கப்படும் இடமொன்று இருந்தாலன்றோ அக்கடமை நிறைவேறும்? ஒளிப்பதிவு பார்த்து முடிக்கப்பட்டதா என்பதை மட்டும் கணக்கிடும் பாடநெறியில் ஏற்பவருக்கும் காரணம் இல்லை, மறுப்பவருக்கும் காரணம் இல்லை.

இன்னுமொரு கடன் பேசப்படாமற் கிடக்கின்றது. 2020 மார்ச்சில் இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டபோது ஆசிரியர் பலர் தம் சொந்தக் கையடக்கத் தொலைபேசியில், தம் செலவில், வாட்ஸ்அப் மூலமும் சூம் மூலமும் கற்பித்தனர். 2021 யூலையில் ஆசிரியர் சங்கங்கள் சம்பள முரண்பாட்டுக்குத் தீர்வு கோரி நிகழ்நிலைக் கற்பித்தலிலிருந்து விலகின. விலகல் மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தது. பிள்ளைகளின் கல்வியைப் பணயம் வைத்தல் தகாது என்றோரும் உளர். அவர்களது கவலை பொருளற்றதன்று. ஆனால் ஒருவரின் நல்லெண்ணத்தையே திட்டத்தின் மூலதனமாகக் கொண்டுவிட்டு, அது தீர்ந்தபோது அவரையே குறைகூறுவதும் நியாயமாகாது. வாண்மை விருத்தி வளங்களும் இதே மூலதனத்தின்மேற் கட்டப்படுவன. இரவில், வீட்டில், சொந்தத் தரவுச் செலவில் ஆசிரியர் கற்பார் என்பது அவற்றின் எழுதப்படாத எதிர்பார்ப்பு. அந்த நேரம் பாடசாலை நேரசூசியில் இடம்பெறல் வேண்டும். இணைப்பு நலிந்த இடங்களுக்கென ஒருமுறை தரவிறக்கி அச்சிடத்தக்க வடிவமும் வேண்டும். இவற்றை வசதி என்பதினும் நீதி எனல் பொருந்தும்.

முடத்தெங்கின் உவமை இங்குதான் முழுமையாகப் பொருந்துகின்றது. ஒரு வளவில் வேரூன்றி நீருண்டு வளர்ந்த தென்னை, வேலிக்கு மேலாகச் சாய்ந்து அயல் வளவிற் காயை உதிர்க்கின்றது. ஆசிரியர் தம் அநுபவத்தால் ஆக்கிப் பதிவேற்றிய பாடம் ஒரு கம்பனியின் உடைமைக்குள் அடைபட்டு, பக்கத்துப் பாடசாலை ஆசிரியர் பணம் செலுத்தியே அதனைத் திறக்கவேண்டிய நிலை இத்தகையதே. திறந்த கல்வி வளங்கள் பற்றி 2019இல் யுனெஸ்கோ நிறைவேற்றிய விதந்துரை வேறொரு வழியை ஊக்குவிக்கின்றது. திறந்த உரிமத்துடன் வெளியிடப்பட்ட பாடத்தை எவரும் எடுக்கலாம், மொழிபெயர்க்கலாம், தம் வகுப்புக்கு ஏற்பத் திருத்தலாம். ஆக்கியவர் பெயரைக் குறிப்பிடுதல் போதும். பாடத்தைத் திருத்திய ஆசிரியர் எதனை மாற்றினார், எந்த வகுப்புக்காக மாற்றினார் என்பதும் அதனோடு சேர்ந்து அடுத்தவரைச் சென்றடையுமாயின், அக்குறிப்பிலிருந்து அவர் பெறுவது காணொளியில் இல்லாத பயிற்சி.