தவ்பா செய்தவர் மறுபடியும் விழுந்தால்?



போதையை விட்டு தவ்பா செய்த ஒருவர் மறுபடியும் அதில் விழுந்துவிட்டால், அந்த தவ்பா பொய்யா?

நபி (ஸல்) அவர்கள் காலத்தில் அப்துல்லாஹ் என்றொரு ஸஹாபி இருந்தார். மது அருந்திய குற்றத்திற்காகத் திரும்பத் திரும்பக் கொண்டுவரப்பட்டார், தண்டனையும் பெற்றார். ஒருவர் அவரைச் சபித்தபோது நபியவர்கள் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் ரஸூலையும் நேசிப்பவர் என்று சொன்னார்கள். புகாரியில் வரும் செய்தி இது. மது ஹலாலாகிவிடவில்லை, தண்டனையும் நிற்கவில்லை. சாபம் மட்டும் தடுக்கப்பட்டது.

கொக்கைனை எடுத்துக்கொள்ளுங்கள். அதை விடவைக்க அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை இதுவரை இல்லை. கவுன்சலிங்தான் முக்கிய சிகிச்சை. பலருக்கு அது வெளிநோயாளியாகவே நடக்கிறது. விட்டபின்னும் மாதக்கணக்கில் ஆசை கிளம்பும். நம் ஸ்ரீமுஷ்ணத்துப் பிள்ளை ஒருவன் புதுச்சேரி ஜிப்மருக்குப் போனால், டாக்டர் முன்னால் இருப்பது கொஞ்ச நேரம். சாயங்காலம் இதே பஸ் ஸ்டாண்டில்தான் வந்து இறங்குவான். மற்ற நேரமெல்லாம் நம் தெருதான் அவனுக்கு வார்டு. டீக்கடையில் அவனைக் காட்டி நாம் பேசுகிற பேச்சும் அந்த வார்டுக்குள்தான் நடக்கிறது.

1985ஆம் வருடத்துப் போதைப்பொருள் சட்டமே, தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை பெறும் அடிமைக்கு, சிறிய அளவு வழக்குகளில் விலக்கு தருகிறது. பிரிவு 64ஏ. சர்க்கார் திறந்து வைத்த கதவை ஜமாஅத் சாத்தலாமா?

மறைப்பது வேறு, ஏமாற்றுவது வேறு. நிக்காஹ் செய்து வைத்தால் திருந்திவிடுவான் என்று சில பெற்றோர் நினைக்கிறார்கள். வருகிற பெண்ணுக்கு அது அநியாயம். முதலில் 14446 என்ற இலவச எண்ணுக்குப் பேசுங்கள்.