விதி என்று யார் சொல்வது?

புதுச்சேரி நீதிமன்ற வளாகம் முதலியார்பேட்டைப் பக்கம் கடலூர் சாலையில் இருக்கிறது. விபத்து வழக்குக்கு வருகிறவர்களை அங்கே கையில் இருப்பதை வைத்தே சொல்லிவிடலாம்: ஊன்றுகோல், ஜவுளிக்கடைப் பை, பைக்குள் எக்ஸ்ரே படம். படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மங்கலாகக் கால் எலும்பு. அதன்மேல் வெள்ளை வெளேரென்று பிளேட், ஐந்தாறு ஸ்குரூ.

கார் இடித்துக் கால் ஒடிந்து படுத்திருப்பவரின் கட்டிலைச் சுற்றி நின்று உறவுக்காரர்கள் சொல்வார்கள்: "நேரம் சரியில்லப்பா. தலைக்கு வந்தது காலோட போச்சு." அன்பில் வருகிற சொல் அது. இடித்தவர் தரப்பும் ஆப்பிள் பையோடு வந்து அதையே சொல்லும்: "எல்லாம் விதி. கேஸு, கோர்ட்டுன்னு எதுக்கு?"

முதலாவது ஆறுதல். இரண்டாவது தப்பிக்கும் வழி.

நடப்பதெல்லாம் வினைப்பயன் என்று உள்ளபடியே நம்புகிறவர்கள் இழப்பீடு கேட்கத் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தைக் கேலி செய்வது தவறு. ஆனால் வினைக் கொள்கையை முழுதாக எடுத்துக்கொள்ள வேண்டும். சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பிரிக்கிறது. சஞ்சிதம் பழைய மூட்டை. பிராரப்தம் அதிலிருந்து இப்போது அனுபவிப்பது. ஆகாமியம் இன்று புதிதாகச் சேர்ப்பது. ஒடிந்த கால் அடிபட்டவரின் பிராரப்தம் என்றே இருக்கட்டும். செல்போனைப் பார்த்தபடி சிவப்பு விளக்கைத் தாண்டியது ஓட்டியவரின் ஆகாமியம். அந்தக் கணக்கில் அவர் ஒளிந்துகொள்ள இடமில்லை.

சிலப்பதிகாரம் ஊழ்வினையைப் பேசவே எழுந்த காப்பியம். அதிலும் கண்ணகி விதியை நொந்துகொண்டு வீட்டில் உட்காரவில்லை. ஒற்றைச் சிலம்போடு பாண்டியன் அவைக்குப் போய் வழக்குரைத்தாள்.

விபத்து வழக்கே தமிழில் ஒன்று இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய மனுநீதிச் சோழன் கதை. திருவாரூர் வீதியில் இளவரசனின் தேர் வருகிறது. கன்று ஒன்று துள்ளிக்கொண்டு தானாகவே வந்து சக்கரத்தில் சிக்கிச் சாகிறது. இளவரசன் அதைப் பார்க்கவே இல்லை, வேண்டுமென்று செய்ததல்ல. தாய்ப்பசு அரண்மனை மணியை அடிக்கிறது. சாத்திரப்படி பிராயச்சித்தம் செய்தால் போதும் என்கிறார்கள் அமைச்சர்கள். அரசன் ஒப்பவில்லை. மகன்மேலேயே தேரை ஏற்றிய அந்தத் தண்டனையை இன்று யாரும் நியாயம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனாலும் கன்றின் விதி அவ்வளவுதான் என்று பசுவை யாரும் திருப்பி அனுப்பவில்லை. புதுச்சேரிக்கும் சேர்த்து மேல்முறையீடு கேட்கும் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்குச் சிலை இருப்பது பொருத்தம்தான்.

பிரெஞ்சு ஆட்சி இங்கே நடந்த 1930இல், பிரான்சின் உச்ச நீதிமன்றம் ழாந்தர் வழக்கில் ஏறக்குறைய இதே கேள்விக்குப் பதில் சொன்னது. லாரி மோதி ஒரு சிறுமிக்குக் காயம். தன்மேல் தவறில்லை என்று காட்டுவது மட்டும் போதாது. வண்டியைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவரே பதில் சொல்ல வேண்டும் என்றது தீர்ப்பு.

இந்தியச் சட்டமும் அந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது. எலும்பு முறிவு கொடுங்காயமாகவே கருதப்படுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆவது பிரிவில், யார் தவறு என்று நிரூபிக்காமலே கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய் கேட்கலாம். கூடுதலாக வேண்டுமென்றால் 166ஆவது பிரிவில் தவறைக் காட்டி வழக்காட வேண்டும். ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் இன்னும் நுட்பமாகப் பார்த்தது: இடது கையை இழந்த தச்சருக்குப் பிழைப்பே போய்விடும், அரசு அலுவலக எழுத்தருக்கு வேலை போகாமல் இருக்கலாம். ஊனம் ஒன்றே என்றாலும் வருமான இழப்பை ஒரே மாதிரி கணக்கிட முடியாது.

166ஆவது பிரிவில் போடும் இழப்பீட்டு மனுவுக்கு 2022 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் ஆறு மாதக் கெடு வைத்தது. முழங்காலுக்குக் கீழ் எலும்பு முறிந்தால் அது கூடி நடக்கவே மூன்று, நான்கு மாதம் ஓடிவிடும். கட்டிலருகே ஆறுதல் சொன்ன அந்த மாமாவோ சித்தப்பாவோ மறுநாள் காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். நகலும் ஆஸ்பத்திரியில் காயச் சான்றிதழும் வாங்கி வைக்கலாம். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் சட்டப் பணிகள் ஆணையத்தில் கேட்கலாம். பெண்களுக்கும் பட்டியல் இனத்தாருக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் அங்கே இலவசமாகவே வக்கீல் வைத்துத் தருவார்கள்.