செயலின்றிப் பயன் தேடுவோர்

பயனில் பற்று வைக்காமல் கடமையைச் செய்ய வேண்டும் என்பது கீதையின் போதனை. செயல் புரிபவனுக்கே பயனில் பற்று ஆகாது என்றால், எச்செயலும் புரியாமல் பயனை மட்டும் நாடுபவனின் நிலை என்ன? அமெரிக்காவில் பரவிவரும் ஒரு புதுவகை வணிகம் இக்கேள்வியை எழுப்புகிறது.

அந்நாட்டில் இலையுதிர் காலத்துச் சனிக்கிழமைகள் கல்லூரிக் கால்பந்துக்கு உரியவை. மிச்சிகன் பல்கலைக்கழக அரங்கில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் அமர்ந்து காணலாம். இப்போட்டிகளின் முடிவை முன்கூட்டியே கணித்து, அக்கணிப்பையே ஒப்பந்தமாக வாங்கி விற்கும் சந்தைகள் 2025-இல் பெருகின. கணிப்பு பலித்தால் ஓர் ஒப்பந்தத்துக்கு ஒரு டாலர் கிடைக்கும், பொய்த்தால் ஒன்றுமில்லை. ஓர் அணி வெல்லும் என ஒருவர் 60 சென்ட் கொடுத்து வாங்கினால், எதிர்ப்புறம் இன்னொருவர் 40 சென்ட் வைத்திருப்பார். ஒருவரின் இலாபம் மற்றவரின் இழப்பேயாகும்.

"இது சூதன்று, அறிவால் செய்யும் வணிகம்" என்பர் சிலர். பண்டங்களின் முன்பேர வணிகத்தைக் கண்காணிக்கும் மத்திய ஆணையமே இதனையும் மேற்பார்வையிடுகிறது என்றும் சுட்டுவர். இது சூதாட்டமே என்று சில மாநிலங்கள் 2025-இல் வாதிட்டன. சட்டம் எவ்வாறு தீர்ப்பளிப்பினும், சாதகன் தன் விவேகத்தைக் கேட்க வேண்டும். அறுவடைக்கு முன்பே கோதுமைக்கு விலை பேசும் உழவர், விலைச் சரிவிலிருந்து தம் உழைப்பைக் காத்துக்கொள்கிறார். போட்டியின் முடிவை வாங்கியவரோ எதனை விதைத்தார்?

ஆடுகளத்தில் வியர்வை சிந்துபவர்கள் மாணவர்கள். அவர்களது ஒரு தவறு எங்கோ இருப்பவரின் பணத்தைக் கரைக்கிறது. பணமிழந்தோர் அம்மாணவர்களுக்கே வசைச் செய்திகள் அனுப்புவதைக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. கவலையோடு எடுத்துரைத்துள்ளது. பற்று ஏமாற்றமாகி, ஏமாற்றம் சினமாகி, சினம் ஒரு குற்றமறியா இளைஞன்மீது பாய்கிறது. பிறன் ஆட்டத்தைக் கண்டு மகிழும் எளிய இன்பமும் அங்கே பறிபோகிறது. கண் பந்தைப் பார்க்க, மனம் விலையைப் பார்க்கிறது.

அறிவுடையோர் இதில் சிக்கமாட்டார் என்று எண்ண வேண்டா. தருமபுத்திரரைவிட அறநூல் அறிந்தவர் யார்? முதற்சூதில் இழந்தவை அனைத்தையும் திருதராட்டிரன் திருப்பியளித்த பின்னரும், மீண்டும் அழைத்தபோது அவர் சென்று அமர்ந்தார். நாட்டை இழந்து காடேகினார். வள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரமே ஒதுக்கியதும் காரணத்தோடுதான்.

தன் முழு ஆற்றலையும் ஆட்டத்துக்கு அளித்துவிட்டு, வெற்றியையும் தோல்வியையும் அமைதியாக ஏற்று வீடு திரும்பும் மாணவன் கர்மயோகத்துக்கு அருகில் நிற்கிறான். அவன் வெற்றியை விலைக்கு வாங்கியவர் அதற்கு வெகுதொலைவில் இருக்கிறார். நாளை என்ன நேரும் என்பதை இறைவனிடம் விட்டு, இன்றைய கடமையைக் கைகளால் செய்பவனுக்கே மன அமைதி வாய்க்கும்.