வைகைக்கு வந்த அழகர்: நிறைவேறாத எதிர்பார்ப்பின் மெய்யியல்

நெடுவழி கடந்து சென்றடைந்த இடம் எதிர்பார்த்ததைத் தராதபோது அப்பயணம் வீணாகிவிட்டதா என்னும் கேள்வி சமய வாழ்வில் மிகக் கூர்மையாக எழுகிறது. ஏனெனில் தலயாத்திரை செல்பவர் காட்சியையும் ஓய்வையும் மட்டுமே நாடிச் செல்வதில்லை, தம் வாழ்வின் ஒரு குறைக்கு நிறைவு தேடிச் செல்கிறார். மதுரை மக்கள் இக்கேள்விக்குத் தந்துள்ள விடை தனித்தன்மை உடையது. அவர்கள் ஏமாற்றத்தை அடியவரின் வினைப்பயன் என்று ஒதுக்காமல், பயணம் வந்த தெய்வத்துக்கே உரியதாக்கி, அதனை ஆண்டுதோறும் சித்திரை மாதத்தில் பெருவிழாவாக எடுக்கின்றனர்.

மதுரைக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அழகர்கோயில், வைணவர் போற்றும் நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்றாகிய திருமாலிருஞ்சோலை ஆகும். அங்கு எழுந்தருளியுள்ள திருமாலாகிய கள்ளழகர், தம் தங்கையாகிய மீனாட்சியின் திருமணத்தைக் காணச் சீர்வரிசையோடு புறப்படுகிறார் என்றும், வைகைக்கரையை அடையும்போது திருமணம் முடிந்துவிட்டதை அறிந்து, சினந்து, நகருக்குள் நுழையாமல் ஆற்றின் வழியே வண்டியூர் நோக்கித் திரும்பிவிடுகிறார் என்றும் மக்கள் வழக்கு கூறுகிறது. விழாவின் நாள்முறையும் இதற்கு இசைவாகவே அமைந்துள்ளது: திருக்கல்யாணம் நடந்து, அதற்கடுத்து மாசி வீதிகளில் தேரும் ஓடி முடிந்த பின்னரே, அழகர் தங்கக் குதிரையில் அமர்ந்து ஆற்றில் இறங்குகிறார்.

கோயில் மரபு இக்கதையை ஏற்பதில்லை. திருக்கல்யாணத்தில் மணமகளைத் தாரை வார்த்துக் கொடுக்கும் கடமையைத் திருப்பரங்குன்றத்துப் பவளக்கனிவாய்ப் பெருமாள் நிறைவேற்றுகிறார். ஆகவே சடங்கு முறைப்படி மீனாட்சியின் அண்ணனாகிய திருமால் திருமணத்தில் இருந்தேயாக வேண்டியவர், இருக்கவும் செய்கிறார். அழகரின் பயணத்துக்குத் தலவரலாறு கூறும் காரணமும் வேறு: சாபத்தால் தவளை உருப்பெற்ற மண்டூக முனிவருக்கு விடுதலை அளிக்கவே அவர் வைகைக்கு வருகிறார். மீனாட்சி திருமணமாகிய சைவ விழாவையும் அழகர் பயணமாகிய வைணவ விழாவையும் சித்திரையில் ஒன்றுசேர்த்தவர் 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் என்பது மதுரையில் வழிவழியாக வரும் செய்தி. எனினும் இவ்விரு விழாக்களும் அருகருகே வந்த பின்னும் இடையில் உள்ள நாள் இடைவெளி அப்படியே நிற்கிறது. அந்த இடைவெளியில்தான் மக்கள் தங்கள் கதையை வைத்தனர். ஏமாற்றம் இல்லாத இரண்டு விளக்கங்கள் கைவசம் இருந்தும் ஏமாற்றம் உள்ள மூன்றாவதையே அவர்கள் நெஞ்சில் கொண்டமை, ஆழ்ந்து நோக்கத்தக்கது.

வைணவ சமயம் இறைவனின் இருப்பு நிலைகளை ஐந்தாகப் பகுக்கிறது. அவற்றுள் அர்ச்சை என்பது கல்லிலும் உலோகத்திலும் அமைந்த திருமேனியில் இறைவன் தங்கியிருக்கும் நிலை. அந்நிலையில் அவன் அடியவர் எழுப்பும் நேரத்தில் எழுந்து, ஊட்டும் நேரத்தில் உண்டு, தூக்கிச் செல்லும் வழியில் செல்லும் அளவுக்குத் தன்னை எளியவனாக்கிக்கொள்கிறான் என்பர். இவ்வெளிமையைச் சௌலப்யம் என்று குறிப்பிடுவர். காலத்தைக் கடந்தவனாகக் கருதப்படும் இறைவன் காலம் தவறி வந்து சேர்வதாகச் சொல்லும் மதுரைக் கதை, இந்த எளிமையை அதன் இறுதி எல்லைவரை கொண்டு செல்கிறது: மனிதர் படும் பசியையும் உறக்கத்தையும் ஏற்ற தெய்வம், மனிதர் படும் ஏமாற்றத்தையும் ஏற்கிறது.

தாமதத்துக்கு மக்கள் காட்டும் காரணம் இதனினும் சிறப்புடையது. அழகர் வரும் வழியில் மூன்றுமாவடி, புதூர், தல்லாகுளம் என ஊர்தோறும் நூற்றுக்கணக்கான மண்டகப்படிகள் உள்ளன. மண்டகப்படி என்பது, சுவாமி சற்றுத் தங்கிச் செல்வதற்கு ஒரு குடும்பமோ சமூகமோ தம் செலவில் ஏற்பாடு செய்யும் மண்டபமும் அங்கு நடக்கும் வழிபாடும் ஆகும். மதுரை எல்லையில் மக்கள் திரண்டு எதிர்கொண்டு வரவேற்பது எதிர்சேவை எனப்படும். அழைத்தவர் வாயிலில் எல்லாம் நின்று வந்தவர் அழைத்த மணவிழாவுக்குப் பிந்திவிட்டார் என்பதே இதன் பொருள். அவர் இழந்ததற்கும் பிறர் பெற்றதற்கும் காரணம் ஒன்றே.

ஆயினும் கதை இழப்பை இன்பமாக மாற்றிக் காட்டுவதில்லை. அழகர் சினந்தார் என்றே அது ஒளிவின்றிச் சொல்கிறது. அதே வேளையில், சினந்தவர் உடனே அழகர்கோயிலுக்குத் திரும்பியதாகவும் அது சொல்லவில்லை. அன்றிரவை வண்டியூரில் கழித்து, மறுநாள் தேனூர் மண்டபத்தில் மண்டூக முனிவருக்கு விடுதலை அளித்து, இராமராயர் மண்டபத்தில் இரவெல்லாம் பத்து அவதாரக் கோலங்களில் காட்சி தந்து, பூப்பல்லக்கில் ஏறிய பின்னரே அவர் அழகர்கோயிலுக்குத் திரும்புகிறார். மக்களின் கதையையும் தலவரலாற்றையும் சேர்த்து நோக்கினால், தாம் தேடி வந்ததைக் காணாதவருக்கு, தம்மைத் தேடிக் காத்திருந்த ஒருவர் அதே ஆற்றங்கரையில் இருந்தார் என்னும் உண்மை புலப்படுகிறது.

இக்கதைக்குச் சமூக ஆழமும் உண்டு. ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு மீனாட்சியம்மன் கோயிலின் கதவு 1939 ஜூலை 8 அன்று, அ. வைத்தியநாத ஐயர் தலைமையில், பி. கக்கன் உள்ளிட்டோர் நுழைந்தபோதுதான் திறந்தது. அதுவரை தங்கள் ஊர்த் திருமணத்தையே கோயிலுக்குள் சென்று காணும் உரிமை அற்றிருந்த மக்களுக்கு, அத்திருமணத்தைக் காணாமல் மதிலுக்கு வெளியே வெட்டவெளியில் நிற்கும் தெய்வம் எவ்வளவு நெருக்கமாக இருந்திருக்கும் என்பதை உணர்வது கடினமன்று. உள்ளே இடம் பெறாதவருக்குத் துணையாக அத்தெய்வம் வெளியே நின்றது.

எல்லா ஏமாற்றத்தையும் இவ்வாறு தெய்விகமாக்கிவிடலாகாது. அழகர் இறங்கும் ஆறு பல ஆண்டுகளில் வைகை அணையிலிருந்து திறந்துவிடப்படும் நீரையே நம்பியுள்ளது; 2022 ஏப்ரலில் ஆற்றில் இறங்கும் நிகழ்ச்சியின்போது நெரிசலில் சிக்கி இருவர் உயிரிழந்தனர். வறண்ட ஆறும் காக்கப்படாத உயிரும் மனிதர் திருத்த வேண்டிய பிழைகள். அவற்றுக்குப் பொறுமையை மருந்தாகக் கூறுவது சமயத்தின் பெயரால் கடமையைக் கைவிடுவதாகும்.

திருத்த முடியாத ஏமாற்றங்களைப் பற்றியதே மதுரையின் படிப்பினை. ஓர் ஊர் எதைத் தரவேண்டும் என்பதைப் பயணி புறப்படும் முன்பே தம் உள்ளத்தில் முடிவு செய்துகொள்கிறார். அவ்வூருக்கு அந்த முடிவு தெரியாது, அதை நிறைவேற்ற அவ்வூர் கடன்பட்டதும் இல்லை. எதிர்பார்ப்பு இன்றி எவரும் புறப்படுவதில்லை என்பதால் அதனைத் துறக்கச் சொல்வது பயனற்றது. அது பொய்க்கும்போது வருத்தத்தை மறைக்காமல், வந்த இடத்தைவிட்டு உடனே அகலாமல், அங்கே தம்மால் ஆற்றத்தக்கது யாது என்று கேட்பவருக்கே பயணம் யாத்திரையாகிறது. பெறுவதற்காக வந்தவர் கொடுப்பவராக மாறும் இடமே தலம் என்னும் பெயருக்கு முழு உரிமை உடையது.